பேட்டரியா, திரியா, தேங்கிய நீரா? ரங்கூன் பால்கனிக்கு ஏற்ற பாட்டில் தோட்டம் எது

எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. நான்காம் மாடி. அரிசி மூட்டையைத் தவிர எல்லாமே பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றில்தான் ஏறி வரும். கயிற்றின் கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் இழுத்தால் ஒரு மாதிரி அடிக்கும், கீரைக்காரம்மா இழுத்தால் வேறு மாதிரி அடிக்கும். மண்தொட்டி வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்கு இந்தக் கயிறுதான் காரணம். ஒரு மூட்டை மண்ணை அதில் ஏற்ற முடியாது. படியில் தூக்கி வந்தால் முதுகு போய்விடும். காலித் தண்ணீர் பாட்டில்களோ முப்பதை ஒன்றாகக் கட்டினாலும் காற்றாய் ஏறி வந்தன.

மண்ணில்லாமல், ஊட்டக்கரைசலில் செடி வளர்ப்பது என்று முடிவானதும் எந்த முறை என்ற கேள்வி வந்தது. சோலார் பேனல், பம்பு, பேட்டரி என்று போவதா? பம்பு மட்டும் போதுமா? எதுவுமே இல்லாமல் பாட்டிலில் நீரை நிறுத்திவைத்தால் போதுமா? மூன்று ஆண்டுகளில் ஐந்து வகையைச் செய்து பார்த்துவிட்டேன். பருப்பு மண்டியில் கணக்கு எழுதுபவன் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிச் செலவையும் இழப்பையும் எழுதிவைத்திருக்கிறேன். விலைகளை மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை; கியாட் கணக்கில் இன்று நான் எழுதுவது நீங்கள் படிக்கும்போது பொய்யாகியிருக்கும்.

அந்தப் பக்கங்களைப் புரட்டினால் தேறுவது ஒரே அளவுகோல்: நீர் ஓட்டம் நின்றுபோனால் செடி எத்தனை மணி நேரம் தாங்கும்? சில மணி நேரம் மின்சாரம் வந்து பல மணி நேரம் போகிற ஊரில் விளைச்சலை முதலில் கணக்குப் போடுவது வீண். சூரிய ஒளிக்கு மாறினாலும் இதே கதைதான். சூரியனும் முறை வைத்துத்தான் வருகிறது. அதன் அட்டவணையாவது நமக்குத் தெரியும்.

அட்டவணையை முதலில் பார்த்துவிடுவோம். நகர நடுவில் எண்ணிட்ட தெருக்கள் ஸ்ட்ராண்ட் சாலைப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றன. ஆகவே அந்தத் தெருக்களில் இருக்கும் பால்கனிகள் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கும். அரை நாள் வெயில், அதிலும் எதிர்வரிசைக் கட்டடம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். என் பால்கனி கிழக்கு. நேர் வெயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். மகாபந்தூலா சாலை, அனோரத்தா சாலைக்காரர்களுக்குத் தெற்கு அல்லது வடக்கு. தெற்குப் பால்கனி கிடைத்தவர்கள் யோகக்காரர்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் ரங்கூன் இருப்பது ஏறத்தாழ 16.8 பாகை வட அட்சத்தில். மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் தெற்குச் சுவரில் நேர் வெயிலே விழாது. காளி கோயில் பக்கம் தெற்குப் பால்கனியோடு குடியிருக்கும் என் அண்ணன் வீட்டில் டிசம்பர் மாதம் முழுக்கப் பேனல் பிரமாதமாக வேலை செய்தது. ஜூனில் பம்பு அசையவில்லை என்று பம்பைப் பழித்துக்கொண்டிருந்தார்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள். அடைமழை நாளில் பேனல் தன் அளவில் கால் பங்கு கொடுத்தாலே பெரிது.

நான் முதலில் செய்தது எல்லோரும் முதலில் ஆசைப்படுகிற வகை: அடுக்குத் தூண். ஐந்து பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்தி, ஒன்றின் கழுத்தை அடுத்ததன் அடிப்பகுதிக்குள் செருகி, அடியில் ஒரு தொட்டி. பம்பு நீரை உச்சிக்கு ஏற்றும். அது சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு பாட்டிலையும் நனைத்துக்கொண்டு இறங்கும். 2009இல் நியூயார்க்கில் பிரிட்டா ரைலி தொடங்கிய சன்னல் தோட்டத் திட்டத்தால் உலகம் முழுக்கப் பரவிய வடிவம் இதுதான். அவர்கள் மீன்தொட்டிக் காற்றுப் பம்பை வைத்து நீரைக் குமிழி குமிழியாக மேலே தள்ளினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது சுவரில் செருகினால் மின்சாரம் வந்துகொண்டே இருக்கிற ஊரில் பிறந்த அழகு.

நான் அதற்கு 12 வோல்ட் பம்பும், பால்கனிக் கம்பியில் கட்டிய 20 வாட் பேனலும், மோட்டார் சைக்கிளுக்குப் போடுவதைப் போன்ற ஈய அமிலப் பேட்டரியும் வாங்கினேன். புதினா, சலாட் கீரை, மல்லி. ஆறு வாரம் கண்படும்படி வளர்ந்தன. தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு நான்கு நாள் பகோவுக்குப் போனோம். ஏப்ரல் நடு, ஆண்டிலேயே கொடுமையான வெயில். திரும்பி வந்து பால்கனிக் கதவைத் திறந்தால் மேல் நான்கு பாட்டில்களில் இருந்தவை கடையில் விற்கும் காய்ந்த தேயிலையைப் போல நொறுங்கின. பேட்டரி என்றைக்கு இறங்கியது, பம்பு எந்த மணிக்கு நின்றது என்று தெரியவில்லை. மண்ணுக்குப் பதிலாக இட்ட சுட்ட களிமண் உருண்டைகள் மட்டும் நிரம்பிய பாட்டிலில் நீர் தங்காது. சொட்டு நின்றால் ஏப்ரல் மதியத்தில் வேருக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் ஆயுள்.

கடைசிப் பாட்டிலில் இருந்த புதினா மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. குனிந்து பார்த்தேன். அதன் வேர் வளர்ந்து வெளியேறும் துளையை அடைத்திருக்கிறது. நான்கு விரல் உயரத்துக்கு நீர் தேங்கியிருக்கிறது. பழுதான பாட்டில்தான் பிழைத்தது. பின்னால் நான் செய்ததெல்லாம் அந்தப் பழுதை வேண்டுமென்றே செய்யக் கற்றுக்கொண்டதுதான்.

தூணை அப்போதே கைவிட்டிருக்கலாம். விடவில்லை. மீண்டும் ஓட்டினேன், இன்னொரு துளை அடைத்துக்கொண்டது. கரைசல் பாட்டில் விளிம்பு வழியாக வழிந்து கீழ்வீட்டில் உலர்த்தியிருந்த வெள்ளை லுங்கியில் இறங்கியது. கரைசலில் இருக்கும் இரும்புச்சத்துக்குச் செங்கல் நிறம். மாலையில் மணி அடித்தது. கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் அந்த லுங்கி. கீழ்வீட்டுப் பர்மிய அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புது லுங்கி ஒன்றை அதே கிளிப்பில் மாட்டி இறக்கினேன். கணக்குப் புத்தகத்தில் தூணின் பக்கத்தில் அந்தச் செலவும் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் பேட்டரிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இந்தச் சிறு பம்புகள் ஏறத்தாழ 5 வாட் எடுக்கும். நாள் முழுக்க ஓட்டினால் 120 வாட்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 84 வாட்-மணி; ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால் கையில் நிற்பது 42. அதாவது எட்டு மணி நேர ஓட்டம். ஓர் இரவுக்கே போதாது. டைமர் வைத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் என்று ஓட்டினால் நாளுக்கு 30 வாட்-மணி, அது நடக்கும். ஆனால் ஜூலையில் கிழக்குப் பால்கனிப் பேனல் அந்த முப்பதைக்கூட எல்லா நாளும் தராது. பேட்டரி தினமும் அரைவயிற்றோடு கிடந்து உப்பு பிடித்துப் போகும். என்னுடையது ஆகஸ்ட்டில் போனது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஆழமாக இறங்கினாலும் தாங்கும், மறுக்கவில்லை. அந்த அளவுக்குச் செலவு செய்கிறவர் அதை வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்துக்கொள்ளட்டும். கட்டுக்கீரைக்குப் பேட்டரி வைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைப் போன்றது.

அடுத்தது இதற்கு நேர் எதிர்க்கோடி, எதுவுமே அசையாத முறை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி ஆராய்ந்து பரப்பியது. அவர் பெயராலேயே வழங்குகிறது. பாட்டிலில் கரைசலை நிரப்பி, வாயில் செடியை உட்காரவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர் காற்றைக் குடிக்கும், கீழே இருக்கும் வேர் நீரைக் குடிக்கும். பம்பு இல்லை, பேனல் இல்லை, ஒலி இல்லை.

இதில் ஒரே ஒரு விதி: மட்டம் இறங்குகிறதே என்று மறுபடி விளிம்புவரை நிரப்பக் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். என் மதினியிடம் ஆறு பாட்டில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனால் எல்லாம் வாடி நிற்கின்றன. "தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது தம்பி, நான்தான் தினமும் மறக்காமல் நிரப்பினேன்" என்றார். அன்பால் கொல்வது என்பது இதுதான். கொஞ்சம் ஊற்றலாம், கால் பங்கு, அரைப் பங்கு. மேலே நான்கு விரலாவது காற்று இருக்க வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சலாட் கீரைக்கு இந்த முறையை மிஞ்ச எதுவும் இல்லை. பாட்டில் சிறியதென்பதுதான் குறை. ஒரு சலாட் முழு வளர்ச்சிக்கு நான்கு லிட்டராவது கேட்கும்; ஒன்றரை லிட்டர் பாட்டில் என்றால் இலை இலையாகப் பறித்துக்கொண்டு இளசிலேயே முடித்துவிட வேண்டும். மார்ச் வந்ததும் கதை மாறுகிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. பால்கனிப் பாட்டில் ஏப்ரல் மதியத்தில் அதையும் தாண்டிச் சுடுகிறது. வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால், அழுகல் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பொருள். அந்தச் செடியைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

ஆனால் கசூன் அப்படி இல்லை. நம் வீட்டில் வள்ளைக்கீரை என்கிறோமே, அதுதான். குளத்தில் மிதந்து வளர்கிற சாதி, தண்டு உள்ளே குழல். வெந்நீர் போலிருக்கும் பாட்டிலிலும் சிரித்துக்கொண்டு நிற்கும். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து கணுவோடு நறுக்கிய தண்டைச் செருகினாலே நான்கைந்து நாளில் வேர் விடுகிறது. ஆகவே நிற்கும் நீர் முறையைக் கோடையில் தொடர விரும்புகிறவர் முறையை மாற்ற வேண்டாம், செடியை மாற்றினால் போதும்.

திரிப் பாட்டில் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பெருமை. பாட்டிலை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நறுக்கி, மேல் துண்டைத் தலைகீழாகக் கீழ்த்துண்டுக்குள் உட்காரவைத்து, மூடியில் துளையிட்டுப் பழைய பருத்தித் துணித் திரியைத் தொங்கவிட வேண்டும். மேலே தேங்காய் நார்த்தூளும் உமிக்கரியும் சரிபாதி. நெல் ஊரில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை. கழுவிச் சலித்துக்கொள்ளுங்கள், நார்த்தூளையும் உப்புப் போக மூன்று நீரில் அலசுங்கள். புதினாவும் மல்லியும் இதில் நன்றாக வரும். மல்லியைப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும், விதையை நேரே தூவுங்கள். ஐந்தாறு நாள் வெளியூர் போனாலும் பயமில்லை. வளர்ச்சி ஓடும் நீரைவிட மெதுவாகத்தான் இருக்கும். திரி ஆறு மாதத்தில் உப்பேறி விறைத்துவிடும், மாற்ற வேண்டும்.

காற்றுப் பம்பு முறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீடு வீடாக வரும் 20 லிட்டர் குடிநீர்க் கேன் இருக்கிறதல்லவா, விரிசல் விட்ட பழையது ஒன்று கிடைத்தால் கழுத்தை நறுக்கிவிட்டு அதையே தொட்டியாக்கலாம். விரிசல் கழுத்துப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே ஒரு காற்றுக்கல், வெளியே மீன்தொட்டிக் கடையில் விற்கும் சிறு காற்றுப் பம்பு. மின்வெட்டுக்குப் பயந்து மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் 5 வோல்ட் பம்பு போதும். ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் எடுக்காது. நீரை ஏற்ற வேண்டியதில்லை, குமிழி விட்டால் போதும் என்பதால் சிறு பேனலே தாங்குகிறது. இரவில் நின்றாலும் இருபது லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வேரைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும், மேல் மட்டத்தில் விரற்கடை இடம் விட்டிருந்தால் இன்னும் நல்லது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் இதைவிட்டால் பாட்டில் வகையில் வேறு வழியில்லை. குறை என்னவென்றால் இருபது லிட்டர் என்பது இருபது கிலோ. நம் கட்டடங்களின் வயது நமக்குத் தெரியும். பால்கனியின் கம்பி ஓரத்தில் நான்கு கேன்களை வரிசையாக வைக்கிறவரை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். சுவர் ஓரமாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

இனி, என் பால்கனியில் இன்று இருப்பது: படுக்கைப் பாட்டில். பேனல் உண்டு, பம்பு உண்டு, பேட்டரி கிடையாது.

ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள். அதன் வாய் தரையோடு ஒட்டியிருக்காது. பாட்டிலின் நடு அச்சில் இருக்கும். மூடியில் துளையிட்டுக் குழாய் செருகினால், நீர் அந்தக் குழாய் உயரத்துக்கு ஏறினால்தான் வெளியே போகும். அதாவது பாட்டிலே தன் வயிற்றில் அரை லிட்டருக்கு மேல் எப்போதும் பிடித்துவைத்துக்கொள்ளும். தூணின் கடைசிப் பாட்டிலில் வேர் தற்செயலாகச் செய்த வேலையை இங்கே பாட்டிலின் உடலமைப்பே செய்கிறது. பம்பு நின்றால் ஓட்டம் நிற்கும், நீர் நிற்காது. மாலை ஐந்துக்குச் சூரியன் போனால் மறுநாள் காலை எட்டுவரை பதினைந்து மணி நேரம் செடி அந்த நீரில் இருக்கும். இரவில் இலை அதிகம் குடிப்பதில்லை, வேரின் மேற்பாதி காற்றில் இருக்கிறது, சுகமாகத் தூங்குகிறது. வெயில் ஏறினால் பம்பு ஓடும்; செடிக்குத் தாகம் எடுப்பதும் அப்போதுதான். மழைநாளில் பம்பு முனகும், செடிக்கும் தாகமில்லை. பேட்டரியால் செய்ய முடியாத கணக்கை வானமே செய்துவிடுகிறது.

செய்முறையில் இரண்டு மூன்று இடத்தில்தான் கவனம் வேண்டும். பாட்டிலின் முதுகில் செடிக்காக இரண்டு வட்டத் துளை. கத்தியால் வெட்டினால் பிளாஸ்டிக் கீறி ஓடும். ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வரிசையாகப் புள்ளி குத்தி, பிறகு கத்தரிக்கோலால் இணையுங்கள். புகை நாறும், பால்கனியில் நின்று செய்யுங்கள். மூடித்துளையைக் குழாயைவிட ஒரு நூல் சிறிதாக இட்டு, குழாயை வெந்நீரில் முக்கிச் செருகினால் பசை இல்லாமலே கசியாது. வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு வண்ணம், அதன் மேல் வெள்ளை வண்ணம் பூச வேண்டும். கறுப்பு ஒளியைத் தடுக்கும், இல்லையேல் பத்தே நாளில் உள்ளே பாசி பிடித்துப் பச்சைச் சட்டை போட்டுக்கொள்ளும். வெள்ளை வெப்பத்தைத் திருப்பும். கறுப்போடு நிறுத்தியவர்கள் ஏப்ரலில் வேரை வேகவைப்பார்கள். வண்ணம் பாட்டிலின் ஆயுளையும் கூட்டுகிறது. வெறும் பாட்டில் வெயிலில் நாளடைவில் முறுகி விரலால் அழுத்தினாலே வெடிக்கும்.

எட்டுப் பாட்டில்கள், இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு விரல் தாழ்வாக. மேல் பாட்டிலின் குழாய், கீழ்ப் பாட்டிலின் வாய்க்கு எதிர்முனையில் இட்ட துளைக்குள் போகும். கடைசியில் இருக்கும் வாளிக்குள் பம்பு. சொட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் காற்று நீரில் கலக்கிறது. அதனால் காற்றுக்கல் தேவையில்லை.

மின் பக்கத்தில் இரண்டு பாதை உண்டு. ஒன்று 5 வோல்ட்: செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் சிறு மடிப்புப் பேனலும், அதற்கேற்ற குட்டிப் பம்பும். மலிவு, ஷாக் பயமில்லை, குழந்தைகளே மாட்டலாம். ஆனால் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றத் திணறும். பேனலும் பம்பும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது 12 வோல்ட். என் பால்கனி வெயில் போதாமல், மொட்டைமாடியில் பொதுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் 10 வாட் பேனல் வைத்திருக்கிறேன். இருபது மீட்டர் ஒயர் இறங்கி வருகிறது. இவ்வளவு தூரத்தில் மின்னழுத்தம் தேய்ந்துவிடாதா என்று பலர் கேட்டார்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், அரை ஆம்பியருக்கு, போகவர நாற்பது மீட்டரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழ். 12க்கு அது பொருட்டே இல்லை. அதே ஒயரில் 5 வோல்ட் பம்பு ஓர் ஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட் போய்விடும், ஐந்தில் ஒன்று. ஆகவே பேனல் தூரத்தில் என்றால் 12, கைக்கெட்டும் இடத்தில் என்றால் 5.

ஓர் எச்சரிக்கை. 12 வோல்ட் பேனல் என்று எழுதியிருந்தாலும் வெயிலில் சுமையில்லாமல் அது 21, 22 வோல்ட் காட்டும். பம்பை நேரே கட்டினால் சில வாரத்தில் கருகிவிடலாம். நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றைப் போட்டு 12இல் நிறுத்திவிடுங்கள். மேகம் வந்து போகும்போது பம்பு விக்கல் எடுப்பதுபோல நின்று நின்று ஓடும். அது பழுது இல்லை. பேனலை ஏறத்தாழத் தட்டையாக, தெற்கே சற்றே சாய்த்து வையுங்கள். மழை தூசியைக் கழுவிவிடும், ஜூன் மாதத்து வடக்குச் சூரியனும் தப்பாது.

கரைசல் எல்லா முறைக்கும் பொது. இரண்டு புட்டிகளாக விற்கும் ஊட்டத்தைத் தனித்தனியாக நீரில் கலக்க வேண்டும். அடர்கரைசலையே ஒன்றோடொன்று ஊற்றினால் பால்போல் வெளுத்துச் சுண்ணாம்பு போல அடியில் தங்கிவிடும், கால்சியமும் பாஸ்பரசும் செடிக்குக் கிடைக்காது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறேன் என்று வருகிறவர்கள் உண்டு. யூரியாவைச் செடி எடுத்துக்கொள்ளும்படி மாற்றித் தருவது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். நம் பாட்டிலில் மண்ணே இல்லை. அமிலத்தன்மை (pH) 5.5க்கும் 6.5க்கும் இடையே இருந்தால் போதும், சோதிக்கும் காகிதம் மலிவு. மழைக்காலத்தில் மழைநீரைப் பிடித்துக் கலக்குங்கள், அதில் உப்பு கிடையாது. ஆனால் மழை நேராகப் பாட்டிலுக்குள் விழுந்தால் ஊட்டம் நீர்த்துப் போகும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் கூரை வேண்டும்.

கொசுவை மறக்காதீர்கள். நீர் நிற்கும் எல்லா முறையிலும், என் படுக்கைப் பாட்டில் உட்பட, டெங்குக் கொசு முட்டையிட வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். செடியின் தண்டைச் சுற்றிப் பஞ்சு, வாளிக்குக் கொசுவலைத் துணி. வலைத்துணி கட்ட மனமில்லாதவர் திரிப் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளட்டும், அதில் நீர் மேல்துண்டால் மூடப்பட்டே இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் செடி பார்க்க ஆளில்லை, அடிக்கடி வெளியூர் என்றால் திரி. குளிர்காலத்தில் மட்டும் சலாட், கோடையில் கசூன் என்று பருவத்தோடு ஒத்துப்போகிறவருக்கு நிற்கும் நீர், செலவே இல்லை. மிளகாய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவருக்குக் காற்றுப் பம்போடு ஒரு கேன். தினமும் குழம்புக்குப் புதினாவும் கீரையும் பறிக்க வேண்டும், மொட்டைமாடியில் ஒரு பேனலுக்கு அண்டைவீட்டார் இடம் தருவார்கள் என்றால் படுக்கைப் பாட்டில். புளிச்சகீரைக்கு எதுவுமே ஒத்துவராது. ஆள் உயரம் வளர்ந்து பாட்டிலையே சாய்த்துவிடும், சின்பவுன் என்று இங்கே விற்கும் அதைக் கட்டாகச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கறிவேப்பிலையும் அப்படித்தான், அதற்கு மண்தொட்டிதான் வீடு.

அடுக்குத் தூணை யாருக்கும் சொல்ல மாட்டேன், பேட்டரியோடும் சரி, இல்லாமலும் சரி. படம் எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்ப மட்டும் அது நன்றாக இருக்கும்.

என் கணக்குப் புத்தகத்தில் இந்த ஆண்டு பக்கம் இப்படி: படுக்கைப் பாட்டில் எட்டு, திரிப் பாட்டில் பத்து, கேன் ஒன்று. மழை பிடிப்பதற்குள் மேல் தாள் கூரையை இறுக்கிக் கட்ட வேண்டும், கடைசிப் பாட்டிலின் குழாயைத் துலக்க வேண்டும். கீழ்வீட்டம்மா போன வாரம் மணியடித்தார். கயிற்றை இழுத்தால் கிளிப்பில் நான்கு காலிப் பாட்டில்கள், மூடியோடு, கழுவி. மூன்றைப் புதினாத் திரியோடு இறக்கிவிட்டேன். நான்காவது விரிசல்.